மக்குனதா, மக்காததா?

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியதில் நான் அதிகம் உச்சரித்த சொல் ஆக்சிஜன் அல்ல, மக்கு. சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியாதவன் மக்கு. தெரிந்தும் மெதுவாகச் செய்தவன் அரை மக்கு. (அவசரமாகச் செய்து தப்பாக முடித்தவனை என்னவென்று சொல்வது? அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரியும், அவன் நான்தான்.) அந்தச் சொல் ஒரு நாள் கோழி எருவாக என்னிடமே திரும்பி வந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மருமகள் தேன்மொழி தோட்டம் போட்டிருக்கிறாள். பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், கறுப்புப் பை என்று கிடைத்ததில் எல்லாம் செடி. அவற்றில் ஒன்று ஜாதிமல்லி. அரியலூர்ப் பக்கம் அவளுடைய அம்மா வீட்டுக் கிணற்றடியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து ஒடித்து வந்து வைத்தது. அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் முதல் வேலையாகக் கிணற்றடிக்குச் சிமெண்டு பூசினார். ஆக, அந்தக் கொடிக்கு மிச்சமிருந்த ஒரே வாரிசு எங்கள் மாடியில், ஒரு வெள்ளைப் பெயிண்ட் வாளியில் இருந்தது.

காலாண்டு விடுமுறைக்குத் தேன்மொழி என் பேத்தியோடு திருப்பூர் கிளம்பினாள். அவளுடைய அம்மா இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். திரும்பும்போது அவரையும் அழைத்து வருவதாக ஏற்பாடு. ஜாதிமல்லியில் ஒரு கிளை ஒடித்துக் கொண்டுபோய்த் திருப்பூரில் வைக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாவுக்கு ஆசை.

"மாமா, தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள் தேன்மொழி.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே செய்ய வேணாம் மாமா."

ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் இலைகள் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிந்தன. (கண்ணாடி போடாமல் பார்த்திருந்தேன் என்பதைப் பிற்பாடு மனைவி சொன்னாள்.) உடனே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். மாட்டுச் சாணத்தில் நைட்ரஜன் குறைவு, ஆட்டுப் புழுக்கையில் அதைவிட அதிகம், கோழி எருவில் எல்லாவற்றையும்விட அதிகம். எது அதிகமோ அதுவே சிறந்தது. விடைக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டேன்.

ரஞ்சன்குடி போகும் வழியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு உரக்கடை உண்டு. செல்வராசு என்ற என் பழைய மாணவன் நடத்துகிறான். கடைசி பெஞ்ச். அவனுக்கு வீட்டில் வைத்த பெயரைவிட நான் வைத்த பெயர்தான் வகுப்பில் பிரபலம். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு எழுந்தான்.

"வாங்க சார். என்ன வேணும்?"

"கோழி எரு."

"மக்குனதா, மக்காததா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. மக்காச்சோளம் விளைகிற சீமையில் பிறந்தவன் நான். மக்காவும் மக்கும் காதுக்குப் புதிதில்லை. ஆனால் இவன் வாயிலிருந்து வந்தபோது பழைய பாக்கியைத் தீர்க்கிறான் என்றுதான் பட்டது. முகத்தைப் பார்த்தேன். ஒரு பாவமும் அறியாத முகம். அதனாலேயே சந்தேகம் கூடியது.

"மக்காததே குடு" என்றேன், விறைப்பாக.

"கொல்லைக்கா சார், தொட்டிக்கா?"

"தொட்டிக்கு."

"தொட்டிக்கு அது ஆகாது சார். சூடு. வேரச் சுட்டுப்புடும்."

"எதுல நைட்ரஜன் ஜாஸ்தின்னு ஒனக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தாம்பா."

"ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினான்.

குன்னத்தில் எங்கள் நிலத்திலிருந்து இரண்டு மூட்டை கரிசல் மண்ணும் வரவழைத்தேன். பருத்தி விளையும் மண்ணில் பூச்செடி வராதா என்ன? தொட்டிகளில் ஏற்கெனவே இருந்தது தேங்காய் நார்த்தூள் கலந்த மண். தூக்கினால் கனமே இல்லை. கனமில்லாததில் சத்து எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டுக் கரிசலை அடைத்து, செடிகளைத் திரும்ப நட்டு, கையால் அழுத்தி, மேலே கோழி எரு போட்டேன். ஜாதிமல்லிக்கு மட்டும் இரண்டு பங்கு. சம்பந்தியம்மா பார்க்கப் போகிற செடி ஆயிற்றே.

என் மனைவி மரகதம் மாடிப்படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஏங்க, அவ தண்ணி மட்டுந்தானே ஊத்தச் சொன்னா?"

"இது அறிவியல். ஒனக்குப் புரியாது."

"நாத்தம் புரியுதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சார், ஒங்க வூட்டுல எலி கிலி செத்துக் கெடக்கான்னு பாருங்க" என்றார். தெருவில் உள்ள ஈக்கள் அத்தனையும் எங்கள் மாடிக்குக் குடிவந்தன. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் தொட்டிகளில் குட்டை மாதிரி நின்றது. தக்காளி தலையைத் தொங்கப் போட்டது. மிளகாய் இலைகளின் ஓரம், சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்ததுபோலக் கருகியது. ஐந்தாம் நாள் ஜாதிமல்லியைத் தொட்டேன். இலைகள் கையோடு வந்தன.

அன்று சாயங்காலம் வீடியோ அழைப்பு.

"மாமா, ஜாதிமல்லியக் கொஞ்சம் காட்டுங்க. அம்மா பாக்கணுமாம்."

"சிக்னல் சரியில்லம்மா."

"எங்களுக்கு நல்லாத் தெரியுதே மாமா."

போனை அணைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்றவன் நான்.

மறுநாள் காலை வாளியோடு செல்வராசு கடைக்குப் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், பிறகு முன் சீட்டு, அப்புறம் பின் சீட்டு. நிற்க இடமில்லாத பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் தனியாகப் போனது என் வாழ்க்கையில் அன்று ஒருமுறைதான்.

கண்டக்டர் தூர நின்றே கேட்டார். "பெரியவரே, வாளியில என்ன?"

"ஜாதிமல்லி."

குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காற்றை முகர்ந்தார். "எந்த சாதி மல்லிங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

செல்வராசு சிரிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்தான். வேரிலிருந்த கரிசலைத் தண்ணீரில் அலசி, கருகிய வேரையும் காய்ந்த கிளைகளையும் கத்தரித்தான். பச்சை இருந்த துண்டுகளைத் தனியே எடுத்து வைத்தான். பிறகு செம்மண், நார்த்தூள், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சரிபங்காகக் கொட்டிக் கலந்தான். தொழுவுரத்தில் ஒரு கை அள்ளி என் மூக்கருகே நீட்டினான். மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனை. சாணம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

"இதான் சார் மக்குனது. ஆறு மாசம் நெழல்ல கெடந்துச்சு. தொட்டியில வேரு தப்பிச்சுப் போவ எடம் கெடையாது சார், அதனால இதான் போடணும்."

நானும் கலக்க உட்கார்ந்தேன். கலந்துகொண்டே கேட்டேன். "அன்னிக்கு மக்குனதா, மக்காததான்னியே, வேணும்னேதான கேட்ட?"

"வர்ற எல்லாருகிட்டயும் அதான் சார் கேப்பேன்." கத்தரியைத் துடைத்தான். "ஒங்ககிட்டக் கேக்கையில கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

"ஒன்னய ரொம்ப மக்கு மக்குன்னு சொல்லிட்டேன் செல்வராசு."

"சொன்னீங்க சார். அப்பறம் எங்க வூட்டுலயும் சொல்ல ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடத்த வுட்டதும் அதுலதான்." குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இந்தத் தொழிலுக்கு வந்தப்பறம்தான் அது நல்ல வார்த்தன்னு தெரிஞ்சுது. மக்குனாத்தான் சார் செடி திங்கும்."

கை நிறைய மண்ணை அள்ளி வாளியில் போட்டு அழுத்தினேன். "மன்னிச்சுக்கப்பா" என்றேன்.

"மண்ண அழுத்தாதீங்க சார்" என்றான். "பொலபொலன்னு இருக்கட்டும்."

அவன் கொடுத்த கலவையால் மற்றத் தொட்டிகளையும் நிரப்பினேன். தக்காளியும் மிளகாயும் திரும்பவில்லை. ஜாதிமல்லி வெறும் குச்சியாக நிழலில் நின்றது.

தேன்மொழியும் சம்பந்தியம்மாவும் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். சிக்னல் பொய் உட்பட. தேன்மொழி படபடவென்று மாடி ஏறினாள். அந்தக் காலடிச் சத்தத்துக்குப் பஸ் சிரிப்பே தேவலை. சம்பந்தியம்மா பின்னாலேயே போய்க் குச்சியைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"உசுரு இருக்கு அண்ணே" என்றார். "எங்க வூட்டுக்காரரு ஒரு தடவ இதோட தாய்க்கொடிக்கு யூரியாவ அள்ளிக் கொட்டிட்டாரு. அதுக்கே சாவல. ஒங்க கோழிக்கா செத்துப்போவும்?"

தேன்மொழிக்கு முதலில் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. சிரிப்பில் முடிந்தது. ஒரு வாரமாக என் நெஞ்சுக்குள் கரிசலை அடைத்து வைத்த மாதிரி இருந்தது இளகிப் போனது.

எடுத்து வைத்த பச்சைத் துண்டுகளில் நான்கை நார்த்தூளில் நட்டுச் செல்வராசு கொடுத்தனுப்பியிருந்தான். சம்பந்தியம்மா அவற்றை மடியில் வைத்துக்கொண்டு திருப்பூர் போனார். இரண்டு துளிர்த்தன. இங்கே வாளியிலும் ஒரு மாதத்தில் கணுவுக்குக் கணு தளிர்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எந்த யோசனை சொன்னாலும் தேன்மொழி, "மாமா, இது மக்குனதா, மக்காததா?" என்கிறாள். மக்காதது என்றால் ஆறு மாதம் தள்ளி வைத்துவிடுவார்கள். (இதுவரை பெரும்பாலும் தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். வீடு நன்றாகத்தான் நடக்கிறது.) என் பேத்தி ஜாதிமல்லிக்கு மக்கு மல்லி என்று பெயர் வைத்தாள். நாளடைவில் மல்லியும் போய், இங்கேயும் திருப்பூரிலும் வெறும் மக்கு ஆகிவிட்டது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திருப்பூரிலிருந்து போன் வந்தது. மரகதம் எடுத்துக் கேட்டுவிட்டு, கையால் போனைப் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"மக்கு பூத்துருச்சாம்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.