நடுக்கடலில் பிறந்த பம்பரக் கங்காணி

பூமி சுற்றுவதை நிறுத்தினாலும் நிறுத்தும், எங்கள் தோட்டத்துப் பம்பரக் கங்காணி நிற்க மாட்டார். நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த காலத்தில் அவரைத் தினமும் பார்த்தவன். அவர் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. சோறு தின்பது நின்றுகொண்டு, தேத்தண்ணி குடிப்பது நடந்துகொண்டு. சவரம் செய்துகொள்வது ஒரு தனி வேடிக்கை. தோட்டத்து நாவிதர் கிண்ணமும் கத்தியுமாக அவர் பின்னாலேயே ஓடுவார். ஒரு கன்னம் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் முடியும், மறு கன்னம் பெக்டரி வாசலில் முடியும். மீசை எந்த இடத்தில் ஒதுக்கப்பட்டது என்று நாவிதருக்கே தெரியாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் பெண்சாதி ராமாயி அக்காவே ஒரு கணம் யோசிப்பார். கல்யாணத்தன்றே மனிதர் தம் குணத்தைக் காட்டிவிட்டாராம்.

"மேளம் கொட்டுது, நான் கழுத்த நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன், ஆளக் காணோமுங்க வாத்தியாரய்யா! எங்கேன்னு பாத்தா, சோறு வெந்துருச்சான்னு அடுப்படியில பதம் பாத்துக்கிட்டு நிக்கிறாரு!" என்று ராமாயி அக்கா முறையிடுவார்.

மாசியில் லயத்து ஜனங்கள் காமன் கூத்துப் போடுவது வழக்கம். ஒரு வருஷம் யாரோ புத்தி கெட்டவர்கள் இவருக்கு மன்மதன் வேஷம் கொடுத்துவிட்டார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். மன்மதன் எரிந்து விழுந்தார். ரதி தலைவிரி கோலமாக ஒப்பாரியைத் தொடங்கினாள். அவள் முதல் அடியை முடிப்பதற்குள் சாம்பலான மன்மதன் எழுந்து, பந்தத்தில் எண்ணெய் குறைகிறது என்று ஊற்றப் போய்விட்டார். சிவனாக வேஷம் கட்டியவர் கூத்தை மறந்து, "யோவ், படுய்யா! ஒன்ன எரிச்சாச்சுய்யா!" என்று கத்தினார். மன்மதன் படுத்தார். மறுபடி எழுந்தார். கடைசியில் ரதி அவருடைய கால்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அழுது முடித்தாள்.

இத்தனைக்கும் காரணம் என்ன என்று லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அவர் தோணியில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் தொண்டிப் பக்கமிருந்து தோணி ஏறி மன்னார்க் கரைக்கு வந்தபோது, நடுக்கடலில், அலை ஆட்டிய ஆட்டத்தில் பிறந்த பிள்ளை. "ஆடுற எடத்துல விழுந்த ஒடம்பு. தரை ஆடாட்டி அது ஆடும்" என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கங்காணியும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெருமைதான் ஒரு நாள் தலைவலியாக வந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. கையோடு தோட்டத்து ஜனங்களிடம், நீங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்ற கேள்வியும் வந்தது. இங்கேயே இருக்க விரும்புகிறவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும். எங்கள் தோட்டத்தில் மனு எழுதிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து வாங்குகளில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கங்காணி மட்டும் அந்த வரிசையைச் சுற்றி வருவார்.

"பிறந்த இடம்?" என்று கேட்டேன்.

"கடலுங்க."

"எந்தப் பக்கத்துக் கடல்?"

"அத யாருங்க பாத்தா? எங்கம்மா வலியில கெடந்துச்சு, எங்கப்பா வாந்தி எடுத்துக்கிட்டு கெடந்தாரு. ரெண்டு கரையும் கண்ணுக்குத் தெரியாத எடம்னு மட்டும் அம்மா சொல்லும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மனிதருடைய சுழற்சி இரண்டு மடங்காயிற்று. தொண்டிப் பக்கத்து ஊரில் தாத்தா பாட்டியோடு தங்கிவிட்ட அண்ணன் ஒருவர் அவருக்கு உண்டு. இருக்கிற புஞ்சையில் பாதி உனக்கு, வந்துவிடு என்று அங்கே போய்வந்தவர்களிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். கங்காணி காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது இந்தியாவுக்குப் போவதாக இருப்பார். மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது இங்கேதான் இருப்பேன் என்பார். சாயங்காலம் இரண்டும் வேண்டாம், பட்டிப்பொலப் பக்கம் காட்டுக்குள் போய் இருந்துகொள்கிறேன் என்பார். வேடிக்கையாகத்தான் இருந்தது, அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற வரைக்கும்.

வீட்டில் ஒரே மகள் தெய்வானை. தலவாக்கலையிலிருந்து நல்ல இடமாக ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் மனசுக்குப் பிடித்துப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கப்பல் ஏறப் போகிற குடும்பத்தில் பெண் எடுத்தால் நாளைக்கு நல்லது கெட்டதற்கு யார் இருக்கிறார்கள்? தைப்பொங்கலுக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் கங்காணியால் சொல்ல முடியவில்லை. தெய்வானை கொழுந்து எடுக்கிற மலையில் யாரோடும் பேசாமலாகிவிட்டாள். ராமாயி அக்கா வீட்டுத் தோட்டத்தில் போஞ்சி விதை போடுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் விதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மார்கழி பிறந்ததும் கங்காணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நின்றார் என்பது வழக்கத்துக்குச் சொல்வது.

"வாத்தியாரய்யா, நான் பொறந்த எடத்த ஒரு தடவ கண்ணால பாத்துடணும். பாத்தாத்தான் வாயில வார்த்த வரும். தலமன்னாருல போயி ஒரு வள்ளம் புடிச்சு, நேரா போயி பாத்துட்டு வந்துருவோம். நீங்களும் வாங்க. கடக்கரைக்காரவுக பேச்சு எனக்கு வெளங்காது."

ராமாயி அக்காவும் கிளம்பினார். கணவரை நம்பி அல்ல, நம்பாததால்.

ரயிலில் ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போன மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு, அங்கிருந்து இங்கே. ஸ்டேஷன் வந்தால் இறங்கிவிடுவார். வண்டி நகர்ந்த பிறகுதான் ஏறுவார். ஒவ்வொரு ஊரிலும் ராமாயி அக்கா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தியதில், மறுநாள் காலையில் தலைமன்னாரில் இறங்கியபோது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது.

மலையிலேயே கிடந்த எங்களுக்கு அந்தக் கரை புதிதாக இருந்தது. வெள்ளை வெளேரென்று மணல், வரிசையாகப் பனை, அதற்கப்பால் பச்சையும் நீலமுமாகக் கடல். மூன்று பேருமே வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்த ஒரு வள்ளக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இண்டைக்குத் தொழிலுக்குப் போகமாட்டம். ஆனா பொறந்த இடம் பாக்கப் போறது தொழில் இல்லைத்தானே?" என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பாயை எடுக்கப் போனார்.

திரும்பி வந்தவர் அசந்துபோய் நின்றார். அந்த வெயிலில் கங்காணியும் ராமாயி அக்காவும் தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சவுக்காரச் சோப்பை அப்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே இது கோலம்?"

"அட்டை கடிக்காம இருக்கத்தாங்க. நீங்களும் கொஞ்சம் பூசிக்கிறீங்களா?" என்று கங்காணி அன்போடு கட்டியை நீட்டினார். எங்கள் மலையில் ஈரத்தில் கால் வைத்தால் அட்டை ஏறும். இத்தனை பெரிய ஈரத்தில் எத்தனை இருக்குமோ என்பது அவர் கவலை. வள்ளக்காரர் சிரித்த சிரிப்பில் நங்கூரம் கைநழுவி மணலில் விழுந்தது.

வள்ளம் தண்ணீரில் இறங்கியதும் கங்காணி வேலையைத் தொடங்கிவிட்டார். கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை பிரித்து விடுவதுபோல எங்களுக்கு இடம் பிரித்தார். "நீங்க முன் நெரைங்க, ஏ புள்ள, நீ பின் நெர." பிரித்தவர் இரண்டு நிரைக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தார். வள்ளம் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, இருங்கோ! வள்ளம் கவிழப் போகுது!" என்று வள்ளக்காரர் அலறினார்.

"நான் ஒன்னும் பண்ணலீங்க, அது தானா ஆடுது!"

ராமாயி அக்கா மூட்டையை இழுத்தார். மூட்டை கட்டி வந்த கூடைக் கயிற்றை அவிழ்த்தார். கொழுந்துக் கூடையை நெற்றியில் மாட்டுகிற அந்தக் கயிற்றால் கணவரைப் பாய்மரத்தோடு இடுப்பைச் சுற்றிக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டார். கங்காணி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

காற்று நன்றாக இருந்தது. பனைகள் புல்லாகி, கரை ஒரு கோடாகி, அந்தக் கோடும் அழிந்தது. வள்ளக்காரர் பாயை இறக்கினார்.

"இந்தா அண்ணே. பின்னுக்குக் கரை இல்லை. முன்னுக்கும் இல்லை. அம்மா சொன்ன இடம் இதுதான்."

கங்காணி கட்டப்பட்டபடியே சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் மலை இடிக்கிற ஊரில் வளர்ந்தவர். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு, எல்லைக்கல் உண்டு. அதை வைத்துத்தான் அவருக்கு உலகமே.

"இது எத்தனாம் நம்பருங்க?" என்று கேட்டார்.

"கடலுக்கு ஏதண்ணே நம்பர்?"

"அப்ப எல்லை?"

"கவுண்மேந்து காயிதத்தில கீறி இருக்குமாம். நான் காணேல்ல."

கங்காணியின் முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை வருஷமாகப் பெருமை பேசிய இடம் வெறும் தண்ணீராக இருந்தது. எனக்கும் என்னவோபோல் இருந்தது. அதுவரைக்கும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ராமாயி அக்கா முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"இங்க குடியிருக்க முடியுமா?"

"முடியாது."

"அக்கரையில யாரத் தெரியும் ஒங்களுக்கு?"

"அண்ணன."

"பாத்திருக்கீங்களா?"

கங்காணி இல்லை என்று தலையாட்டினார்.

"சரி. ஒங்க மக எங்க பொறந்தா?"

அலை வள்ளத்தை மெதுவாகத் தூக்கிப் போட்டது.

"எட்டாம் நம்பர் மலையில. மேல் ரோட்டுக்கு மூனாவது நெரையில. நீ கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கையில."

"அப்புறம்?"

"மழ புடிச்சிக்கிச்சு. நாந்தான் கூடைக் கொழுந்தக் கொட்டிட்டு, பிள்ளய அதுல வச்சு, ஓடியாந்தேன்."

"எட்டாம் நம்பர் எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

மலை தெரியவில்லை. கரையே தெரியவில்லை. ஆனால் அவருடைய கை யோசிக்கவேயில்லை. தென்கிழக்கே நீண்டது. நீட்டிய கையை அவர் இறக்கவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"வள்ளத்தத் திருப்புங்கய்யா," என்றார். "தலவாக்கலைக்காரவுகளுக்குச் சொல்லி அனுப்பணும். நாங்க எங்கயும் போகல."

தை பிறந்ததும் தெய்வானையின் கல்யாணம் நடந்தது. மனுவையும் எழுதினேன். பிறந்த இடத்தில் ஹட்டன் என்று போட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "நடுக்கடல்னே எழுதுங்க. பொய்யச் சொல்லி இருக்கக் கூடாதுங்க" என்றார். அப்படியே எழுதினேன். வருஷக் கணக்கில் விசாரணை நடந்தது. கூப்பிட்ட போதெல்லாம் போனார். கடலில் பிறந்தவருக்கு இங்கே உரிமை இல்லை என்று இந்தப் பக்கத்தில் சொன்னார்கள். இங்கே மறுத்தவரை அங்கே கேட்டபோது, எங்கள் ஆள் என்பதற்கு ஆதாரம் போதாது என்று அந்தப் பக்கத்திலும் சொன்னார்கள். எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குப் பின்னால் அவர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தார், கடைசிவரை.

அவர் எந்த நாட்டுக்காரர் என்று இரண்டு அரசாங்கத்துக்கும் தெரியாமலே போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "எங்க ஆளுதாங்க" என்று சொல்லியிருப்பேன்.