என் தொப்பையை வேண்டாமென்ற டாக்டரம்மா

ஓசூர்,
ஆடி 12

மரியாதைக்குரிய கரியப்பன் மச்சானுக்கு, உங்கள் தங்கை மாதேஸ்வரியின் வீட்டுக்காரன் வெங்கடப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கெலமங்கலத்தில் நீங்களும் அக்காவும், தக்காளித் தோட்டமும், என்னைக் கண்டால் மட்டும் முட்ட வருகிற அந்த மாடும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கும், சந்தையே கேட்கும். என் போனையோ உங்கள் தங்கை எடுத்துப் பார்ப்பாள். ஆகவே தக்காளி வண்டி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் தங்கை கன்னத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாள். பதறாதீர்கள், நோய் ஒன்றுமில்லை. இடுப்பிலிருந்து கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி, சுத்தம் பண்ணி, ஒட்டிப்போன கன்னத்தில் ஊசியால் ஏற்றுவார்களாம். நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து, அண்ணன் என்ற முறையில் ஒரு அதட்டுப் போட்டு இதை நிறுத்த வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள் என்பது இருபத்தெட்டு வருஷமாக உங்களுக்கே தெரியும்.

இரண்டு வருஷம் முன்னால் டைஃபாய்டில் படுத்து எழுந்தாளே, அப்போது இறங்கிய எடை திரும்பி வந்தது, வந்ததெல்லாம் இடுப்பிலேயே குடியேறிவிட்டது, கன்னத்துக்கு ஒரு பருக்கைகூட ஏறவில்லை. அந்தக் கோலத்தில்தான் உங்கள் தெருக் காதுகுத்துக்கு வந்தோம். உங்கள் பக்கத்து வீட்டுச் சரசம்மா என்னிடம், "ஏம்ப்பா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டு வைத்தாள். என் அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. "பாவம், கண்ணாடி போடாம வந்துட்டா" என்று சமாதானம் சொன்னேன். "போட்டிருந்தா பாட்டின்னு கேட்டிருப்பா" என்றாள் மாதேஸ்வரி. அன்றிலிருந்து கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறாள். எங்கள் மகள் ரஞ்சிதாவின் நிச்சயதார்த்த ஆல்பத்தை, கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி செக்கிங் பார்த்த கண்ணால் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு படம். பெற்ற தாய் ஒரே ஒரு படத்தில் இருக்கிறாள், அதுவும் முழங்கை மட்டும். வருகிற தையில் கல்யாணம். "எம்பொண்ணு பக்கத்துல நிமிந்து நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும்ங்க. அவ்வளவுதான்" என்கிறாள்.

முதலில் கத்தினேன். பிறகு யோசித்தேன். அந்த யோசனைதான் வினை. கம்பெனி முகாமில் நான் முப்பத்தொரு தடவை ரத்தம் கொடுத்தவன், ஓ பாசிட்டிவ், சர்டிபிகேட்டெல்லாம் இருக்கிறது. ரத்தம் கொடுக்கலாம் என்றால் கொழுப்புக் கொடுக்கக் கூடாதா? அவள் இடுப்பை எதற்குக் குத்த வேண்டும், எனக்குத்தான் தொப்பை தயாராக இருக்கிறதே என்று நானே முடிவு செய்துகொண்டேன். சரக்குக் குறைந்துவிடக் கூடாதே என்று, நாற்பது நாள் விரதம் போலத் தின்றேன். நாலு இட்லி எட்டானது. அத்திப்பள்ளி வரைக்கும் பஸ் ஏறிப்போய் வெண்ணெய் தோசை தின்றுவிட்டு வந்தேன். "என்னாங்க இது, தறிகெட்டுத் திங்கறீங்க?" என்று உங்கள் தங்கை கேட்டாள். நான் தியாகியைப் போலச் சிரித்துக்கொண்டேன். ஆறு கிலோ ஏறியது.

டாக்டரைப் பார்க்கிற அன்று வெறும் வயிற்றோடு போய், சட்டையைத் தூக்கி, "எடுத்துக்குங்கம்மா" என்றேன். டாக்டர் வின்சி என் வயிற்றைப் பார்த்தார், பிறகு மாதேஸ்வரியைப் பார்த்தார்.

"சார், நீங்க பேஷண்டா?"

"இல்லம்மா, டோனர்."

"ரத்தம் வேற, இது வேற சார். அடுத்தவங்க கொழுப்பை உடம்பு ஏத்துக்காது. அம்மாவோடதுதான் அம்மாவுக்கு."

நர்ஸ் கெம்பம்மா கன்னடத்தில் "அய்யோ பாப" என்று எனக்காக இரக்கப்பட்டாள். உங்கள் தங்கை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆறு கிலோவும் வீண். ஒரு பேண்ட்டும் சேரவில்லை.

அப்புறம் அவள் ஒரு நோட்டைப் பிரித்தாள். கேள்வியெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள், மச்சான்! எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள், மயக்க டாக்டர் கூட இருப்பாரா, வீட்டுக்குப் போனபின் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாகக் கேட்டாள். அந்த அம்மாவும் ஒளிக்காமல் சொன்னார். "வைக்கிறதெல்லாம் நிக்காதும்மா. முப்பதோ அம்பதோ சதவீதம் உடம்பே கரைச்சிடும், எவ்வளவுன்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது. சில பேருக்கு ரெண்டாந்தடவை பண்ண வேண்டி வரும்." என்னால் பொறுக்க முடியவில்லை. "நூத்துக்கு அம்பது ரிஜெக்ட்டா? எங்க கம்பெனியில ரெண்டு போனாலே லைனை நிறுத்திடுவோம்மா" என்றேன். இரண்டு மூன்று வாரம் முகம் வீங்கியிருக்கும், கன்னிப்போகும், இடுப்பில் இறுக்கமான பெல்ட் போட வேண்டும், உண்மையான வடிவம் தெரிய நாலைந்து மாசம் ஆகும், கட்டி தட்டலாம், கிருமி பிடிக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக, "ரொம்ப அபூர்வமா ரத்தக் குழாய் அடைச்சுக் கண் பார்வையே போனதும் உண்டு. மறைக்கக் கூடாது, அதான் சொல்றேன்" என்றார். பட்டினி வேறு, எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கெம்பம்மா குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள்.

அதோடு விட்டதா? "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா? புகை பட்டா, வெச்ச கொழுப்பு சரியாப் பிடிக்காது" என்றார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நான் சிகரெட்டை விட்டுப் பல வருஷம் ஆயிற்று என்பது ஊரறிந்த சங்கதி. "மொட்டை மாடியில, தண்ணி டேங்க் பின்னாடி. தினம் ரெண்டு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள் உங்கள் தங்கை. என் மானமும் அங்கேயே கரைந்தது.

மச்சான், கண் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. ஆல்பத்தில் முழங்கை மட்டும் இருந்தால் போதும், ஆள் முழுசாக வீட்டில் இருக்கட்டும். தயவுசெய்து வந்து நிறுத்துங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், மாட்டுக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
வெங்கடப்பன்

பின்குறிப்பு: டிரைவர் மூன்று நாள் வரவில்லை. கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது, துவைக்கப் போட்டேன், உங்கள் தங்கை படித்துவிட்டாள். திட்டவில்லை. "பயம் எனக்கும் இருக்குதுங்க. ஆனா எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் பயப்படறேன். நீங்க நிறுத்தாதீங்க, கூட இருங்க" என்றாள். ஆபரேஷனுக்கு முன்னால் இருக்கும் முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, சிரிக்கக் கூடாது. இத்தனை நாளாகத் தூணுக்குப் பின்னால் நின்றவள் சுவரோரம் வந்து நிமிர்ந்து நின்று, "எடுங்க" என்றாள். நான் குனிந்து போனைப் பிடித்தபோது என் பேண்ட் பொத்தான் தெறித்து அவள் காலடியில் போய் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் படம் ரிஜெக்ட். மறுபடி எடுத்து அனுப்பினோம். அதனால் மேலே எழுதியதெல்லாம் ரத்து. நானும் சம்மதம் சொல்லிவிட்டேன். ஆவணி இரண்டாம் புதன் ஆபரேஷன். அதட்ட வேண்டாம், வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். முப்பது வருஷமாக ரிஜெக்ட் ஆனதையெல்லாம் சிவப்புப் பெட்டியில் போட்டவன், இந்த ஒன்றை மட்டும் ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரேம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டேன். உங்களுக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். சரசம்மாவிடம் காட்டுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.