சோறு துள்ளிய ஞாயிற்றுக்கிழமை

எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டான் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். (வேறு யாரும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்ல வேண்டியதாயிற்று.) மாத்திரை தயாரிக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. ஒரு மாத்திரை தண்ணீரில் எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே பிழைப்பு. அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு முறை சோதிக்காமல் ஒரு வார்த்தை சொன்னேன். என் அக்கா மகள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அக்கா பெயர் வசந்தா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். மில்லில் வேலை பார்த்தவள், மில் மூடிய பிறகு தையல் மெஷின் போட்டுக்கொண்டாள். அவள் வீடு மூலக்குளத்தில், என் வீடு நெல்லித்தோப்பில். தினமும் காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். பருப்பு வேகவில்லை என்பதிலிருந்து பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் சொல்லுவாள். சந்தேகம் என்று எது வந்தாலும் முதலில் கேட்பது என்னைத்தான்.

பிறகு கவிதா (அதுதான் கல்யாணப் பெண்) அவளுக்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தாள். கேள்விகள் நின்று, பதில்களாக வர ஆரம்பித்தன. முட்டை சாப்பிட்டுவிட்டு வாழைப்பழம் சாப்பிட்டால் உயிர் போய்விடும். இரும்புச் சாவியைக் கையில் பிடித்தால் நெஞ்சுவலி நிற்கும். "பத்து பேருக்கு அனுப்பவும்." அக்கா கடமை தவறாதவள், நாற்பது பேருக்கு அனுப்பினாள்.

நான் விடவில்லை. குடும்ப குரூப்பில் ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தோடு பக்கம் பக்கமாக மறுப்பு எழுதினேன். ஒரே ஒரு முறை, சித்தப்பா மகன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். (தெரியாமல் கை பட்டுவிட்டது என்று பிறகு மன்னிப்புக் கேட்டான்.) நான் ஒரு பொய்யை மறுத்து முடிப்பதற்குள் அக்கா நாலு அனுப்பியிருப்பாள். உலகத்தில் உண்மை தோற்றுக்கொண்டிருக்கிறது, அதைக் காப்பாற்றுவது நான் ஒருவன்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், பாதி பொறாமை. எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டவள், இப்போது முகம் தெரியாத எவனையோ நம்புகிறாளே என்ற பொறாமை.

இந்த நிலையில்தான் கவிதாவுக்கு இடம் அமைந்தது. சம்பந்தம் பேசி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் முதல்முறையாகப் பெண் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம் முப்பது பேர் வந்தார்கள். அக்கா யாரையும் சமையலுக்கு வைக்கவில்லை. விடிகாலையில் எழுந்து முப்பது பேருக்கும் தன் கையாலேயே சமைத்திருந்தாள். சாம்பார், வடை, மூன்று பொரியல், பாயசம். நான் தாய்மாமன் என்ற கம்பீரத்தோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

கூடத்தில் மேசை நாற்காலி போட்டுப் பந்தி. முதல் இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை. அவருக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மா. சம்பந்தியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே அக்காவிடம் கேட்டார்.

"அரிசி எங்க வாங்குனீங்க? ரேஷன் அரிசி இல்லியே?"

"ஐயோ, அத வாசப்படி ஏத்துறதே இல்லீங்க. எல்லாம் பிளாஸ்டிக்கு."

"ஆமாங்க! நானும் வீடியோ பாத்தேன். உருண்டை புடிச்சித் தரையில அடிச்சா பந்து மாதிரி துள்ளுது!"

"அதே வீடியோதாங்க எனக்கும் வந்திச்சி!"

இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம். ஜோசியர் சொன்ன பொருத்தத்தையெல்லாம் தாண்டி, புதிதாக ஒரு பொருத்தம் அங்கே அமைந்துவிட்டது. வேறொருவனாக இருந்தால் சாம்பார் ஊற்றிவிட்டு நகர்ந்திருப்பான். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அது பொய்ங்க. ரேஷன் அரிசியக் கழுவும்போது தண்ணியில மெதக்குறது சத்து சேத்த அரிசி. அரிசி மாவுலதான் செய்யறாங்க."

"அப்ப அந்தத் துள்ளல்?" என்றார் சொல்தா.

இதற்கு "தெரியலீங்க" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான் செலவாகியிருக்கும்.

"ரப்பர் கிப்பர் வெச்சி எடுத்திருப்பாங்க. நெஜமான அரிசிச் சோறு துள்ளவே துள்ளாது. இப்பவே காட்டுறேன், பாருங்க."

"மாமா, வேணாம் மாமா," என்று கவிதா பட்டுப்புடவையில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. பாத்திரத்திலிருந்து ஒரு கை சோறு எடுத்து, அழுத்தி அழுத்தி நல்ல உருண்டையாகப் பிடித்து, எல்லோரும் பார்க்க மொசைக் தரையில் ஓங்கி அடித்தேன்.

துள்ளியது. சும்மா துள்ளவில்லை. இடுப்புயரம் எழும்பி, வளைந்து போய், சொல்தாவின் பாயசக் கிண்ணத்தில் விழுந்தது. பாயசம் அவர் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

"ப்ராவோ," என்றார் சொல்தா.

"இருங்க, கை தவறிடிச்சி," என்று நான் இன்னொரு உருண்டை பிடித்து அடித்தேன். (விஞ்ஞான மனப்பான்மை. ஒரு முறை செய்த சோதனையை நம்பக் கூடாதாம்.) அது முதலாவதைவிட உயரமாகத் துள்ளியது.

ஒருவர் பின் ஒருவராக இலையிலிருந்து கையை எடுத்தார்கள். சம்பந்தியம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "என்னங்க இது? பொண்ணு வீட்ல மொதமொதல்ல கை நனைக்க வந்தா, பிளாஸ்டிக்கையா போடுவீங்க?"

மாப்பிள்ளைப் பையன் கவிதாவைப் பார்த்தான், கவிதா என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த உருண்டையைப் பார்த்தேன்.

"நான்தாங்க தப்பாச் சொல்லிட்டேன்," என்றேன். என் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை நான் பொது இடத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. "துள்ளாதுன்னு நான் சொன்னதுதான் பொய். பாக்காமயே சொல்லிட்டேன். எந்தச் சோறா இருந்தாலும் துள்ளும்போல இருக்கு. வேணும்னா தெருவுல நாலு வீட்டுச் சோத்தையும் வாங்கிப் பாத்துடலாம்."

மானம் போனவனுக்கு வெட்கம் ஏது? ஓடினேன். எதிர்வீட்டு ரோசரி டீச்சர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சோறு வந்தது. துள்ளியது. பின்வீட்டிலிருந்து வந்ததும் துள்ளியது. சம்பந்தியம்மா முகம் கொஞ்சம் இளகியது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கலவரம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஜாபர் பாய், தன் பங்குக்கு ஒரு தட்டு பிரியாணி கொண்டுவந்தார். அதையும் பிடித்து அடித்தேன்.

பிரியாணி துள்ளவில்லை. உதிரி உதிரியாகச் சிதறிப் போனது.

"பாத்தீங்களா! இதுதான் நெஜ அரிசி!" என்றார் சம்பந்தியம்மா.

"இல்லீங்க, அது உதிரிச் சோறு, ஒட்டுற பசை கம்மி, அதனால..." என்று நான் சொன்னதை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

சொல்தா நாற்காலியை பாய் பக்கமாக நகர்த்தினார். "பாய், அது மட்டனா?"

அரைமணி நேரத்தில் பாய் வீட்டு அண்டா எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது. அவர் வீட்டு விருந்தாளிகளுக்கு வைத்திருந்ததை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார், நல்ல மனுஷன். மாப்பிள்ளை வீட்டார் வயிறார, மனசார, பாய் வீட்டு பிரியாணியில் கை நனைத்தார்கள். தெருமுழுக்கத் தின்கிற பிளாஸ்டிக்குக்கு வசந்தா என்ன செய்வாள் பாவம் என்று சம்பந்தியம்மா அக்காவை மன்னித்தார். கல்யாணம் நிச்சயமானது. பிளாஸ்டிக் அரிசியும் நிச்சயமானது.

எல்லோரும் போன பிறகு சமையலறைக்குப் போனேன். சாம்பார் அண்டா நிறைய அப்படியே இருந்தது. வடை ஆறிக் கிடந்தது. அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஜெயிக்கணும்னு என் சோத்தத் தூக்கித் தரையில அடிச்சியேடா," என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை. சாயங்காலம் பார்த்தால் குடும்ப குரூப்பில் நான் இல்லை. அக்கா என்னைத் தூக்கியிருந்தாள்.

முதல் வாரம், ஒழிந்தது சனியன் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் காலை பத்து மணிக்கு, கம்பெனியில் மாத்திரை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாளும் பார்த்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ரோஜாப்பூ படத்தோடு வரும் அவளுடைய காலை வணக்கத்துக்கு ஏங்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அதையும் ஆதாரம் கேட்டு மறுத்திருப்பேன். போனில் பழைய மெசேஜ்களுக்குள் தேடி, அந்த இரும்புச் சாவி மெசேஜை எடுத்துப் படித்தேன். கீழே "தம்பி பத்திரம்" என்று அவள் தட்டியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. மறுப்பு எழுதுகிற அவசரத்தில் அந்த வரியை நான் படிக்கவே இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் சீர் கொண்டுபோய் வைத்தேன். அக்கா எல்லார் முன்னாலும் சிரித்தாள், என் பக்கம் திரும்பும்போது மட்டும் பூவைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "அவ மறுபடி ஒரு பொய்யாவது அனுப்பமாட்டாளா?" என்று கேட்டேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"டேய், ஒரு மெசேஜ் வந்திருக்கு. வெண்டக்கா ஊறவெச்ச தண்ணி குடிச்சா சுகர் மாத்திரைய நிறுத்திடலாமாம். உங்க மாமா இன்னியிலேர்ந்தே நிறுத்தறேன்னு குதிக்கிறாரு. நெஜமாடா?"

தொண்டையில் ஒரு பிரசங்கமே தயாராக நின்றது. விழுங்கினேன்.

"வெண்டக்கா பத்தி எனக்குச் சரியாத் தெரியலக்கா. டாக்டரக் கேக்கலாம். அதுவரைக்கும் மாத்திரைய மட்டும் நிறுத்த வேணாம். நானும் கூட வர்றேன்."

அக்கா, அவள் வீட்டுக்காரர், நான், மூன்று பேரும் போனோம். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மாமாவிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வெளியே வந்து டீ குடிக்கும்போது அக்காவிடம் கேட்டேன், ஏன் என்னைக் கேட்கத் தோன்றியது என்று.

"இத அனுப்புறவனுங்கள்ல எவனாவது ஒருத்தன், தான் சொன்னது தப்புன்னு எப்பவாவது சொல்லியிருக்கானா? அத்தன பேர் முன்னால நீதானடா சொன்ன," என்றாள். பிறகு, "எனக்கு அன்னிக்கே புரிஞ்சிது. கோவம்தான் போகல," என்றாள்.

அக்கா முழுதாக மாறிவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். ரேஷன் அரிசியை இன்னும் வாசற்படி ஏற்றுவதில்லை. என் பெயர் சொந்தத்தில் "பந்து மாமா" என்று நிலைத்துவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், இலையில் சோறு விழுந்ததும் எவளாவது ஒருத்தி உருண்டை பிடித்து, "மாமா, செக் பண்ணிட்டுச் சொல்லுங்க, அப்பறம் சாப்புடறோம்," என்று நீட்டுவாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது சம்பந்தியம்மாவும் அக்காவும்தான்.

ஆனால் ஒன்று. அக்காவுக்கு வருகிற பத்து மெசேஜில் ஒன்றையாவது, நாற்பது பேருக்கு அனுப்புவதற்கு முன்னால், எனக்கு மட்டும் அனுப்புகிறாள். கூட ஒரு வார்த்தையும் இருக்காது. கீழே ஒற்றைக் கேள்விக்குறி மட்டும் தட்டியிருப்பாள். காலையில் பத்து மணி ஆனதும் நான் மாத்திரையை மறந்துவிட்டு அதற்காகப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.