கெப்பாசிட்டர் அண்ணாத்தேயின் வேன்

கார்களுக்கு வரும் அத்தனை வியாதிக்கும் ஒரே மருந்து, சொம்பு உயரத்தில் ஒரு கெப்பாசிட்டர் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருந்தார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கெப்பாசிட்டர் அண்ணாத்தே என்றால் ஷேர் ஆட்டோக்காரர் கடை வாசலிலேயே இறக்கிவிடுவார். எனக்கோ அவரைக் கண்டாலே வயிறு எரியும்.

காரணம் அவருடைய பழைய வேன். பார்வைக்கு நசுங்கிய பிஸ்கட் டின். பாட ஆரம்பித்தால் எதிர் மருந்துக் கடை அலமாரியில் இருமல் மருந்து பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அதைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர். நான் புதுக் கார் வாங்கியபோது கிட்டே வந்து பார்த்தவர் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மட்டும்தான். அவரும் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லத்தான் வந்தார்.

"அவர் வேன்ல கேட்டா மேளம் நெஞ்சுக்குள்ளயே அடிக்குதுங்க" என்றாள் என் மனைவி ஒரு நாள். என்னைப் பற்றி அவள் அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை.

விடுவேனா? வேறு கடையில் பெரிய ஸ்பீக்கர் மாட்டினேன். ஒவ்வொரு 'டம்'முக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. மானத்தை விட்டு அண்ணாத்தேயிடமே போனேன்.

"பேட்டரி இன்னா, மாடில கீற டேங்க்கு. கெப்பாசிட்டரு பாத்ரூம்ல ரொப்பி வெச்ச பக்கெட்டு. டம்முனு அடிக்கசொல்லோ பக்கெட்ல மொண்டு ஊத்திக்கும். டேங்க்குக்கு நோவாது."

"சரி, மாட்டிக் கொடுங்க."

"அவசரப்பட்டா எப்பிடி நைனா? வண்டிய ஒரு வாரம் உட்டுட்டுப் போ. அதுங்கூட நான் பழவணும்."

பெண் பார்க்க வந்தவர்கூட இவ்வளவு அவகாசம் கேட்க மாட்டார். எனக்கோ அந்த வாரமே மாங்காட்டில் மச்சினன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் அவன் அக்கா புருஷன் காரில், அதாவது என் காரில் வர வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவன் என்னிடம் வந்து நெளிந்தான்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. நான் அண்ணாத்தே வேன்லயே வரட்டுமா? அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"அந்தத் தகர டப்பாவிலயா?"

"சவுண்டு மாமா..."

அந்த ஒரு வார்த்தையில் நொறுங்கிப் போனேன். அண்ணாத்தேயினுடையதைவிடப் பெரிய கெப்பாசிட்டராக வாங்கி, அழைப்பு அன்று சாயங்காலம் கோயில் வாசலில் காரை நிறுத்தி, நானே மாட்டினேன். ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். படீரென்று ஒரு சத்தம். கார் முழுக்கப் பொசுங்கிய நாற்றம். சொந்தக்காரர்கள் மொத்தமும் கூடிவிட்டார்கள். சரியாக அந்த நேரத்தில் வேன் வந்து நின்றது.

அண்ணாத்தே இறங்கி, மூக்கை உறிஞ்சினார். "யாருப்பா வொயர மாத்திக் குடுத்தது?"

நான் வானத்தைப் பார்த்தேன். மச்சினன் அதற்குள் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி வேனுக்குள் ஒரு காலை வைத்துவிட்டான்.

"இன்னா மாப்ள, எங்க ஏர்ற? எறங்கு" என்றார் அண்ணாத்தே. "அக்கா ஊட்டுக்காரரு வண்டி கீதுல்ல? அதுல போறதுதான் மொறை."

சொல்லிவிட்டு, தன் வேனுக்குள் குனிந்து தன்னுடைய கெப்பாசிட்டரையே கழற்றி எடுத்து வந்தார். என் காரில் ஃபியூஸை மாற்றி, அதைப் பொருத்தி, வொயருக்கு நடுவில் ஒரு சின்ன பல்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"நல்ல நேரம் போவுதுய்யா!" என்று கத்தினார் பெண்ணின் தாய்மாமன்.

"பல்பு அணையற வரிக்கும் ஒர்த்தரும் கைய வெக்காதீங்க! பக்கெட்டு ரொம்பிகினு கீது!"

ஊர்வலம் மொத்தமும் ஒரு பல்பு அணைவதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. மெல்ல மெல்ல மங்கி, அணைந்தது.

"அப்போ உங்க வேனுக்கு?" என்று கேட்டேன்.

"அது இன்னிக்கு வாய மூடிகினு பின்னால வரும் சார். நீ எடு."

என் கார் பாடியது. மேளம் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. தெருவே என் காரைப் பார்த்தது. இத்தனை நாள் ஏங்கியது கிடைத்தும் பொறாமை தீரவில்லை, கூடித்தான் போனது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றிக் கொடுத்திருக்க மாட்டேன்.

பின் சீட்டில் மச்சினன் திரும்பித் திரும்பி, சத்தமில்லாமல் பின்னால் வந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் நானும் அண்ணாத்தேயைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.