ஓடாத சாமை மெஷினும் ஒரு பொன்னாடையும்

அனுப்புநர்:
ப. கண்ணாயிரம்,
சாமை மெஷின் கொட்டகை,
வடக்கனந்தல்.

பெறுநர்:
உயர்திரு ஆசிரியர் அவர்கள்,
'கோமுகி முரசு' வார இதழ்,
கள்ளக்குறிச்சி.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கும், தங்கள் குடும்பத்தாருக்கும், அச்சுக்கோப்பவர் முதல் பேப்பர் போடுபவர் வரை அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தங்கள் நிருபர் இளமாறன் தம்பி முந்தாநாள் போன் செய்து, வரும் ஆண்டு விழாவில் எனக்கு 'முன்மாதிரித் தொழில்முனைவர்' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் மறுத்துச் சொல்ல நாலு தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் வாய் என்னை அறியாமல் "ரொம்ப சந்தோசங்க" என்றே சொல்கிறது. ஆகவே எழுத்தில் தெரிவிக்கிறேன். பொன்னாடை வேண்டாம். மாசி மாதம் தாங்கள் என்னைப் பற்றிப் போட்ட செய்தியில் என் பெயரும் ஊரும் தவிர மற்றதெல்லாம் பொய். பொய்யைச் சொன்னது இளமாறன் தம்பி அல்ல, நான்தான்.

ஐயா, நான் கரும்பு வெட்டும் கூலி. எனக்கும் சாமைக்கும் கஞ்சி குடித்ததைத் தவிர வேறு பழக்கம் இல்லை. கள்ளக்குறிச்சியில் சிறுதொழில் பயிற்சி மூன்று நாள் நடக்கிறது, மதியம் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். கறவை மாட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று எண்ணம். என் முறை வந்தபோது மேசையில் இருந்தவர், "மாடு முடிஞ்சிப் போச்சிங்க. சாமை மெஷின் ஒண்ணு இருக்குது, எடுத்துக்கிறீங்களா?" என்றார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டுத் தலையாட்டினேன். அரசாங்கம் கொட்டகை கட்டிக் கொடுத்தது. சென்னைக் கம்பெனி ஒன்று சாமைக்குத் தோல் நீக்கும் இயந்திரத்தை இறக்கிக் கொடுத்தது. மலையில் விளைகிற சாமையை நான் அரிசியாக்க வேண்டும், அதைக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான் ஐயா. யார் மேலும் எனக்குக் குறை இல்லை.

திறப்பு விழாவன்று வாடகை ஜெனரேட்டர் வந்தது. இயந்திரம் சாமை போடாமல் வெறுமனே கால் மணி நேரம் ஓடியது. மேடையில் அரசு அலுவலர் கம்பெனியைப் பாராட்டினார். கம்பெனியிலிருந்து வந்த ஜெயசுதா மேடம் அரசைப் பாராட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாராட்டினார்கள். என் கழுத்தில் மாலை விழுந்தது. ஐம்பத்திரண்டு வயதில் என் கல்யாணத்துக்கு அடுத்து விழுந்த மாலை அதுதான். அந்த நேரம் பார்த்து இளமாறன் தம்பி வந்து, "தெனம் எத்தினி மூட்டை ஓட்டுவீங்க?" என்று கேட்டார். "இருவது" என்றேன். "எத்தினி பேருக்கு வேலை?" என்றார். எதிரே லட்டு வாங்க வந்து நின்ற பெண்களை எண்ணிப் பார்த்து, "பத்து பேருங்க" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் ஜெனரேட்டர்காரர் வயரைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டார். கரண்டு எப்போது வரும் என்று அலுவலரைக் கேட்டேன், "கம்பெனியில பாத்துக்குவாங்க" என்றார். ஜெயசுதா மேடத்தைக் கேட்டேன், "கவர்ன்மென்ட் சைடுல செஞ்சிடுவாங்க" என்றார். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கும் நம்பிக்கை வந்து, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

பிறகுதான் தங்கள் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து செங்கம்மாள் என்ற அம்மாள் மலை பஸ்ஸில் இரண்டு மூட்டைச் சாமையோடு இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். கையில் தங்கள் இதழின் அந்தப் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "எங்க ஊரு பொம்பளைங்க அத்தினி பேருக்கும் உரல்ல குத்திக் குத்தித் தோள்பட்டை போயிடுச்சிண்ணா. நீ மெஷின் வெச்சிக்கிறேன்னு பேப்பர்ல பாத்து நான் மொதல்ல எறங்கி வந்தேன்" என்றார். அப்போதே கரண்டு இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. நான் சொன்னது, "வெச்சிட்டுப் போம்மா, ரெண்டு நாள்ல ஆயிடும்" என்பது. அவர் போனதும் என் மனைவி கோகிலவாணி என்னைப் பார்த்து, "எதுல ஆவும்? உன் பல்லுலயா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பக்கத்து மாவட்டத்தில் ஒரு மில் இருப்பது தெரிந்து, மூட்டைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கூலி கொடுத்து அரைத்து வந்து, என் மெஷினில் அரைத்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். செங்கம்மாள் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, "நல்லாக்கீதுண்ணா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் ஊர் முழுக்கப் பரவி, அடுத்த வாரம் ஆறு மூட்டை வந்தது. அதற்கடுத்த வாரம் பதினொன்று. நான் பகலெல்லாம் கரும்பு வெட்டி, அந்தக் கூலியை அடுத்த மாவட்டத்து மில்லுக்குக் கொடுத்து, என் ஓடாத மெஷினுக்கு நல்ல பெயர் வாங்கிக்கினு இருந்தேன். பாருங்கள் ஐயா, எழுத்திலும் பேச்சு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

சித்திரை வெயிலில் ஜெயசுதா மேடம் சோதனைக்கு வந்தார். இயந்திரத்தில் தானியம் கொட்டும் தொட்டிக்குள் கோகிலவாணி கோழியை அடை வைத்திருந்தாள். "சும்மாத்தானே கெடக்குது, கோழியாவது பொரிக்கட்டும்" என்பது அவள் கட்சி. மேடத்தின் கார் தெருமுனையில் திரும்பும்போது கோழியை ஒரு கையிலும் முட்டைகளை இன்னொரு கையிலுமாக எடுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் ஓடினாள். மேடம் வந்து, "ஓட்டிக் காட்டுங்க சார்" என்றார். என்னை யாரும் அதுவரை சார் என்றதில்லை. "இப்பத்தாங்க நிறுத்தினேன். சூடா இருக்குது, ஆறணும்" என்றேன். அவர் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்தார். தகரக் கூரைக்குக் கீழே இயந்திரம் உண்மையிலேயே அடுப்பாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. "ஓவரா ஓட்டாதீங்க சார், மெஷினுக்கும் ரெஸ்ட் வேணும்" என்று அக்கறையோடு சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நான் சிரித்தேன் ஐயா. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஏனென்றால் ஆடி மாதம் செங்கம்மாள் கொண்டுவந்தது சாதாரண மூட்டை அல்ல. அவர் காட்டில் விளைந்ததில் கோயில் பொங்கலுக்கென்று தனியாக எடுத்து வைத்த சாமை. அதை அவர் என்னிடம் சொல்லவும் செய்தார். "இத்த மட்டும் வேற எதுலயும் கலந்துடாதண்ணா" என்றார். நானும் "எங்கிட்ட எப்பிடிம்மா கலக்கும்?" என்றேன். மில்லில் அன்று கூட்டம். அவர்கள் எல்லார் மூட்டையையும் ஒன்றாகக் கொட்டி ஓட்டிவிட்டு, எடைக்கு எடை அள்ளிக் கொடுத்தார்கள். அரிசி அரிசிதானே என்று நினைத்து நானும் வாங்கிவந்து கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் கொட்டகை வாசலில் செங்கம்மாள் அதே மூட்டையோடு நிற்கிறார். "இது எங்க காட்டு சாமை இல்லண்ணா" என்றார். நான் இல்லவே இல்லை, அதேதான் என்று சாதித்தேன். அவர் கோபப்படவில்லை. மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, உரலில் குத்தித் தன் மடியில் முடிந்திருந்த அவர் காட்டு அரிசியில் ஒரு பிடி எடுத்து மறு கையில் வைத்தார். அவருடையது பழுப்பாகவும் சிறிதாகவும் இருந்தது. நான் கொடுத்தது வெளுத்துப் பருத்திருந்தது. குருடனுக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குள் மறுபடி அடை வைத்திருந்த கோழி எழுந்து நின்று கொக்கரித்தது.

செங்கம்மாள் எட்டித் தொட்டிக்குள் பார்த்தார். கோழியைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், சுவரில் கரண்டுப் பெட்டி இல்லாத இடத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் பரவாயில்லை. "கரண்டு இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க உரல்லயே குத்திக்கினு இருந்திருப்போமே. இதுல உனக்கு இன்னாண்ணா வெக்கம்?" என்றார். கோகிலவாணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இந்த வருடம் கோயிலில் அவர் வைத்த பொங்கல் கடையில் வாங்கிய பச்சரிசியில் நடந்ததாம்.

மறுநாளே செங்கம்மாள் என்னை மின்சார ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார். அரசையும் கம்பெனியையும் அங்கே வைத்து நாலு கேள்வி கேட்பது என்று நான் போகும் வழியெல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டு போனேன். எழுத்தர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேருல யாரும் அப்ளிகேஷனே குடுக்கலியேங்க. விழாவுல ஒரு பைல் குடுத்திருப்பாங்களே, படிச்சீங்களா?" என்றார். வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பைலை எடுத்தோம். செங்கம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆறாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'மும்முனை மின் இணைப்புக்குப் பயனாளியே விண்ணப்பிக்க வேண்டும்.' கீழே அதை ஒப்புக்கொண்டு என் கையெழுத்து. ஐயா, அந்த பைலில் நான் படித்தது என் போட்டோ ஒட்டியிருந்த முதல் பக்கத்தை மட்டும்தான். அதை மட்டும் ஒரு நாற்பது தடவை படித்திருப்பேன்.

அன்றே விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் இன்றுவரை மெஷின் ஒரு படி சாமை அரைத்ததில்லை. ஆகவே, மேற்படி கண்ணாயிரம் முன்மாதிரியும் அல்ல, தொழில்முனைவரும் அல்ல என்று தங்கள் இதழில், முன்பு படம் போட்ட அதே இடத்தில், அதே அளவில் மறுப்புப் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பொன்னாடையை வேறு யாருக்காவது போர்த்துங்கள். தங்கள் அச்சு இயந்திரம் பழுதில்லாமல் ஓடவும், அதற்குக் கரண்டு நிற்காமல் வரவும் எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு,

தலைகுனிந்து நிற்கும்,
ப. கண்ணாயிரம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, தபாலில் போட வெட்கப்பட்டுப் பதினெட்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இதற்குள் போன வாரம் கரண்டு வந்துவிட்டது. ஆகவே மறுப்பைப் போட வேண்டாம். போட்டால் அது பொய்யாகிவிடும். மெஷின் ஓடுகிறது. நான் ஓட்டிய முதல் மூட்டை முழுவதும் நொய்யாக உடைந்தது. வேகத்தைக் குறைத்தேன், இரண்டாவது தோலோடு விழுந்தது. செங்கம்மாள் என்னை நகரச் சொல்லிவிட்டுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு எதையோ திருகினார். மணி மணியாகக் கொட்டியது. அன்று முதல் அவர்தான் ஓட்டுகிறார். தினம் இருபது மூட்டை. மலையிலிருந்தும் ஊரிலிருந்தும் கோகிலவாணியைச் சேர்த்துப் பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாகப் பத்து. தங்கள் செய்தி ஆறு மாதம் முந்தி வந்துவிட்டது, ஆள் மட்டும் மாறிவிட்டது, அவ்வளவுதான். பொன்னாடையை வாங்கிக்கொள்கிறாயா என்று செங்கம்மாளைக் கேட்டேன். "துணி வாணாம். ஓட்டுறப்போ வந்து ஒரு போட்டோ புடிக்கச் சொல்லு. நீ மட்டும் அதுல நிக்காதண்ணா" என்றார். இளமாறன் தம்பியை அனுப்பிவையுங்கள். நான் பின்பக்கம் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பேன், தேட வேண்டாம்.