வெளியுறவு அண்ணனின் மன்றாட்டு

ஆண்டவருக்கே உலகச் செய்தி வாசித்துக் காட்டும் ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் பருத்திப்பட்டுத் தெருவில்தான் இருக்கிறார். அவரை எல்லாரும் ‘வெளியுறவு’ என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் சர்ச் ஃபாதரே அப்படித்தான் கூப்பிடுகிறார். பிழைப்புக்கு மிக்ஸி, கேஸ் அடுப்பு ரிப்பேர்.

கை வேலை செய்துகொண்டிருக்கும்போது காதில் எப்போதும் போர்ச் செய்தி ஓடும். ஒருமுறை என் மிக்ஸியைப் பிரித்து, திருகாணிகளைத் தரையில் பரப்பிவிட்டுத் திடீரென்று எழுந்து போய்விட்டார். மறுநாள் போய்க் கேட்டேன்.

“பேச்சுவார்த்த முறிஞ்சிட்ச்சுக்கா. மன்சே செரியில்ல.”

“என் மிக்ஸி?”

“அது எங்க போவுது? அங்கயேதான கீது.”

எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். இதற்கு அன்பியம் என்று பெயர். ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வேலை, மாமியாருக்கு மூட்டுவலி, தெருவுக்குப் பாதாளச் சாக்கடை. ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்போம். யார் எதைக் கேட்டாலும் கேட்டருளும் என்று சொல்லியே ஆகவேண்டும். இந்த ஓட்டையில்தான் வெளியுறவு புகுந்துகொண்டார்.

“ஆண்டவரே, அந்தப் பெரிய நாட்டக் கொஞ்சம் பாரும். கடல் தாண்டிப் போய் சண்ட போட்டுகினு கீறாங்க. சொந்த ஜனமே வோணாம்னு ரோட்டுல எறங்கிக் கத்துது. முன்னாடி இருந்தவரா இருந்தா இந்நேரம் பேசி முட்ச்சிருப்பாரு. இவரு ஆரம்பிச்ச ஆளு, நிறுத்தினா மானம் போய்டும்னு பாக்குறாரு. அதனால வர்ற தேர்தல்ல எதிர்க்கட்சிய...”

நாட்டின் பெயரை மட்டும் சொல்லமாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “அவருக்குத் தெரியாதாக்கா?” என்று மேலே கையைக் காட்டினார். அப்படியானால் மற்றதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டி முழக்குகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் வரும்.

சேவியர் சார் என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. அவர் வெளியுறவுக்கு நேர் எதிர். வெளியுறவு முடித்ததும் நாங்கள் எல்லாரும் கேட்டருளும் என்போம். சார் மட்டும் வாயை இறுக்கிக்கொள்வார். தன் முறை வந்ததும், “ஆண்டவரே, சற்றுமுன் சொல்லப்பட்டது ஒருதலைப்பட்சமானது. பாதியில் விட்டுவிட்டு வந்தால் அங்கே என்ன ஆகும் என்பதையும் யோசித்தருளும்” என்பார். அதற்கும் கேட்டருளும்தான். ஒரே மாலையில் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்ட கூட்டம் நாங்கள்.

இந்தக் கூத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவள் ஸ்டெல்லா. அவள் கணவன் ஆரோக்கியம், சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்து நாட்டில் கிரேன் ஓட்டுகிறான். குண்டு அங்கேயும் விழ ஆரம்பித்து, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

பெரிய நாட்டில் தேர்தல் வந்தது. வெளியுறவு வேண்டிக்கொண்டபடியே எதிர்க்கட்சி ஆள் ஜெயித்தார். போரை நிறுத்துகிறேன் என்று சொல்லியே ஜெயித்தவர். அன்றைக்குத் தெருவுக்கே கேசரி. சேவியர் சாருக்கு மட்டும் இரண்டு கரண்டி. புதியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கௌரவமாக வெளியேற வேண்டும், அதற்கு முதலில் இன்னும் கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டும் என்று அறிவித்தார்.

வெளியுறவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. “இன்னாக்கா இது? ஆரம்பிச்சவனுக்கு மானப் பிரச்சன. அப்பால வந்தவனுக்கு, தோத்தவன்னு பேரு வந்துடுமோன்னு பயம். இதுக்கா அத்தினி நாளு வேண்டிக்கினேன்?”

தலைவர்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் இருந்திருந்தால் சண்டை தொடங்கியிருக்காது, இன்னொருவர் இருந்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும். அந்த வித்தியாசம் நிஜம். ஆனால் ஜனங்களுக்கே பிடிக்காத ஒரு போரை நிறுத்த வேண்டுமானால், தோற்றவர் என்ற பேரை யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அந்த வார அன்பியம் ஸ்டெல்லா வீட்டில். சில நாளாக ஆரோக்கியத்திடமிருந்து போன் இல்லை. அது தெரிந்தும், பழக்கதோஷத்தில் வெளியுறவு ஆரம்பித்துவிட்டார்.

“ஆண்டவரே, அந்தப் பெரிய நாட்டுல புச்சா வந்துக்கீறவரு...”

“போதும்ணே,” என்றாள் ஸ்டெல்லா. “எவன் வந்தா எனக்கு இன்னா? அவனுங்கல்லாம் அவனுங்க ஊட்டுல தூங்குறானுங்க. எங்க ஊட்டுக்காரரு போன எடுக்க மாட்றாரு. அதக் கேளுண்ணே.”

வெளியுறவு முழங்காலிட்டார்.

“ஆண்டவரே, ஆரோக்கியம் ஊட்டுக்கு வர்ணும்,” என்றார். “வேற ஒண்ணும் சொல்லத் தெரில.”

கேட்டருளும் என்று முதலில் எழுந்த குரல் சேவியர் சாருடையது.

ஆரோக்கியம் வந்துவிட்டான். தரைவழியாக எல்லை தாண்டி, வேறொரு நாட்டில் விமானம் ஏறி வந்தான். ஸ்டெல்லாவோடு விமான நிலையத்துக்குப் போனது வெளியுறவுதான். நேரில் பார்த்த சாட்சி கையில் சிக்கிவிட்டான், வீடு வருவதற்குள் விசாரணைக் கமிஷனே நடத்தி முடித்துவிடுவார் என்று நாங்கள் பேசிச் சிரித்தோம். ஆனால் வழியில் குமணன்சாவடி நெரிசலில் கார் நின்ற நேரத்தில்கூட, “தண்ணி குடிக்கிறியாபா?” என்பதைத் தவிர அவர் ஒன்றுமே கேட்கவில்லையாம்.

அடுத்த அன்பியத்தில் எல்லாரும் நன்றி சொன்னோம். வெளியுறவு மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சேவியர் சாருக்கே பொறுக்கவில்லை. “என்னப்பா, சண்டை இன்னும் நடக்குதே. அந்தப் புது ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்றேன் சார்,” என்று அவர் எழுந்து நின்றார். “ஆண்டவரே, இந்தாண்ட கீறவங்க, அந்தாண்ட கீறவங்க, சண்டைக்கு அனுப்பின பசங்க, அல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போவணும். தோத்துட்டோம்னு சொல்ல அந்தத் தலைவருக்குக் கூச்சமா இருந்தா, அந்தக் கெட்ட பேர எனக்குக் குடுத்துடும். நான் வாங்கிக்கிறேன்.”

இவரைத் தலைவராக அனுப்பிவைத்தால் பிழைத்துப்போகிற நாடுகள் இருக்கின்றன. அனுப்பமாட்டோம். எங்களுக்கு வேண்டும்.