ஒரு மின்னலும் நானூறு வரிக்குதிரைகளும்

புதிதாக ஒரு பொருள் வாங்கினால், வீட்டில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் பழைய பொருளை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பிறவிக் குணம். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிய நாளில் கேஸ் அடுப்பைக் கற்காலத்துப் பொருள் என்றேன். (மறுநாள் காலையில் கரண்ட் போனது. கற்காலம்தான் காபி போட்டுக் கொடுத்தது.) இந்தக் குணம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, மைசூர் விஜயநகரில் என் அக்கா வீட்டு ஹாலில், கண்ணாடிச் சட்டம் போட்ட சாட்சி ஒன்று இன்றைக்கும் தொங்குகிறது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தேன். அந்தக் கம்பெனியின் வரிசையிலேயே கடைசி பெஞ்சு மாடல்தான். ஆனால் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மாடலா தெரியப்போகிறது? குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு வாரம் நாரைகளைப் படமெடுத்தேன். நாரைகள் நன்றாக ஒத்துழைத்தன. யூடியூபில் ஒரு குருவையும் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டு உபதேசம் செய்தார். யாரையும் கேமராவைப் பார்க்க விடாதே, அவர்கள் பாட்டுக்கு இருக்கும்போது எடு. எடுத்த படத்தை உடனுக்குடன் திரையில் பார்க்காதே, அது கற்றுக்குட்டிகளின் வழக்கம். இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

என் அக்கா ரீட்டா நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அத்தானும் ஒன்பது வயது மகள் ஜெனியும் மைசூரிலேயே இருந்தார்கள். அம்மா தவறிய பிறகு எங்கள் எல்லோரையும் கட்டி மேய்த்தது அம்மாவின் தங்கை பிலோமினா சித்தி. அவரும் ரிட்டயர்டு நர்ஸ்தான். ஊசி போடுவதற்கு முன் பேசும் அதட்டல் குரல் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. ஜெனி அவரை ‘பிலோம்மா’ என்று கூப்பிடுவாள்.

அந்த மே மாதம் ஜெனிக்குப் புதுநன்மை. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள் அது. வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி என்று குட்டிக் கல்யாணம் போல இருக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அக்கா லீவு வாங்கி, டிக்கெட்டும் போட்டு வைத்திருந்தாள். புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, வார்டில் ஆள் போதவில்லை என்று லீவை ரத்து செய்துவிட்டார்கள்.

போனில் அக்கா அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“சேவி, ஆல்பமெல்லாம் வேண்டாம்டா. அவ நன்மை வாங்குற அந்த நிமிஷம், ஒரே ஒரு படம். பார்த்தா நான் அங்க இருந்த மாதிரி இருக்கணும்,” என்றாள்.

“ஒண்ணா? நானூறு தரேன்க்கா. நம்ம கேமரால சத்தமே வராது. நான் அங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குடும்பம் வைத்துக்கொண்டிருக்கிறது.

புதுநன்மைக்கு முதல் நாள் சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனபோது, அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து அக்காவின் பழைய கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சோப்பு டப்பா அளவு. வெள்ளி நிறம். இரண்டு பென்சில் பேட்டரி போடவேண்டும். பேட்டரி மூடி உடைந்து, ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தியிருந்தது. அக்கா முதல் சம்பளத்தில் தேவராஜ அரசு ரோட்டில் வாங்கியது அது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. கடையிலிருந்து வீடு வரும்வரை கேமராவை அக்கா பிடித்துக்கொண்டாள், அதன் கயிற்றை மட்டும் நான் பிடித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. (பார்த்தவர்கள் அக்கா என்னைக் கட்டி இழுத்துப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.) அதில் எடுத்த முதல் படத்தில் அம்மா கண்ணை மூடியிருந்தார். இரண்டாவதிலும் மூடியிருந்தார். மூன்றாவதில், “இன்னும் எத்தனைடி?” என்று கேட்டுச் சிரித்துவிட்டார். இன்று எங்கள் வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது அந்த மூன்றாவது படம்தான். ஜெனி பிறந்தது, குப்புற விழுந்தது, முதல் பல் முளைத்தது எல்லாம் அந்த டப்பாவுக்குள்தான் நடந்தது. அயர்லாந்து போகும்போது அக்கா அதைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குக் கயிறுகூடக் கிடைக்கவில்லை. ஆக, எனக்கு அதன்மேல் ஒரு பழைய பகை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“சித்தி, இதை மியூசியத்துக்குக் கொடுத்துடலாம்,” என்று ஆரம்பித்தேன். இரண்டு கேமராக்களையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பீட்டுச் சொற்பொழிவை நிகழ்த்தினேன். சென்சாரின் அளவை விளக்க, என் தட்டில் இருந்த சப்பாத்தியைக் காட்டி, “இது என்னோடது,” என்றேன். குருமாவிலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்து அதன்மேல் வைத்து, “இது உங்களோடது,” என்றேன்.

“சப்பாத்தி ஆறுது. சாப்பிடு,” என்றார் சித்தி.

“ஒரு செகண்டுக்கு எட்டுப் படம் எடுக்கும் சித்தி.”

“ஒரு செகண்டுல அவ எட்டுத் தடவையா நன்மை வாங்கப் போறா?”

“இதுல பதினேழு பட்டன் இருக்கு.”

“இதுல நாலு. அதுல ஒண்ணு வேலை செய்யாது. மீதி மூணும் எனக்குத் தெரியும். உனக்குப் பதினேழும் தெரியுமா?”

பதினொன்று தெரியும். அதைச் சொல்லவில்லை.

மறுநாள் கோவிலில் கண்டிப்பு அதிகம். போன வருடம் பெற்றோர்கள் போனைத் தூக்கிக்கொண்டு பீடத்தைச் சுற்றி நின்றதில் பிள்ளைகள் நடக்கவே வழியில்லாமல் போயிருந்தது. அதனால் இந்த முறை பங்குத்தந்தை போன்களையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக மஞ்சு என்ற ஸ்டூடியோக்காரர் மட்டும் படமெடுப்பார். நான் இரண்டு முறை போய்க் கெஞ்சி, ஃபிளாஷ் கிடையாது, சத்தம் கிடையாது என்று சத்தியம் செய்து தனி அனுமதி வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். மஞ்சுவிடம் போய், “நம் ஹுடுகி பேடா மஞ்சு, நானே தெகீதினி,” என்றேன். எங்கள் பெண்ணை நானே எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் எடுக்கவேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லி, இருந்த ஒரே காப்பையும் கழற்றி வைத்தேன்.

மஞ்சு என் கேமராவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். “ஆய்த்து சார்,” என்று மட்டும் சொல்லித் தலையாட்டினார்.

ஜெனியிடம் கடைசியாக ஒரு கட்டளை போட்டேன். “என்னைப் பார்க்காதே. கேமராவைப் பார்க்காதே. நேச்சுரலா இரு.” அவள் பாவம், கிரீடம் சரியாமல் தலையை ஆட்டினாள்.

பூசை தொடங்கியதும் சைலண்ட் மோடைப் போட்டேன். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் விழும்படி வேகத்தை ஏற்றினேன். குரு சொன்னபடி, எடுத்த படம் திரையில் தெரியாதபடியும் அணைத்துவிட்டேன். கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் லேசாகக் கோடுகள் மிதந்தன. சாம்பிராணிப் புகை என்று நினைத்தேன். எவ்வளவு அழகாகப் பதிகிறது என்று பெருமைகூடப் பட்டேன்.

ஜெனியின் முறை வந்தது. நடுவழியில் முன்னால் போய், நன்றாகக் குனிந்து, கால் மடக்கிக் குறிபார்த்தேன். பீடத்துக்குப் பக்கவாட்டில் நின்ற ஃபாதர் முன், எங்களுக்கு முகம் தெரியும்படி அவள் முழந்தாளிட்டாள். ஃபாதர் நற்கருணையை உயர்த்தினார். ஜெனி நாக்கை நீட்டினாள். நான் விரலை அழுத்திய அந்த நொடியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கோவில் முழுக்க ஒரு மின்னல் அடித்தது.

ஃபாதர் கண் சிமிட்டினார். கையை மட்டும் ஆடவிடவில்லை. நான் திரும்பினேன். மூன்றாவது வரிசையில் பிலோமினா சித்தி, நீட்டிய கையில் சோப்பு டப்பாவோடு அசையாமல் நின்றிருந்தார். அந்த ஒரு படத்தோடு பேட்டரி உயிரை விட்டது. லென்ஸ் உள்ளே போகாமல் வெளியே நீட்டிக்கொண்டே நின்றது, ஜெனியின் நாக்கு மாதிரி. வேலை செய்யாத அந்த நாலாவது பட்டன் ஃபிளாஷை அணைக்கும் பட்டன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பூசை முடிந்து வாசலில் ஃபாதர் கேட்டார். “அந்த மின்னல் யாரு?”

“நான்தான் ஃபாதர். போனைத்தானே அணைக்கச் சொன்னீங்க, இது போன் இல்ல,” என்றார் சித்தி. “பாவம்னா அடுத்த பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்.”

எனக்கு மானம் போனது. சத்தியம் செய்தவன் நான் அல்லவா. வீடு வரும்வரை சித்தியோடு பேசவில்லை.

மத்தியானம் மட்டன் புலாவுக்கு இருபது பேர் அத்தான் வீட்டு ஹாலில் கூடியிருந்தார்கள். அக்கா டியூட்டி முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வீடியோ காலில் வந்தாள். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து, அவள் டிவியைப் பார்க்கும்படி வைத்தோம். நான் சின்ன உரை ஒன்று ஆற்றிவிட்டு கேமராவை டிவியோடு இணைத்தேன்.

முதல் படம் வந்தது. ஜெனி நடந்து வருகிறாள். அவள்மேல் தலை முதல் கால்வரை கறுப்புப் பட்டை பட்டையாகக் கோடு.

“டிவி போயிடுச்சா?” என்றார் அத்தான். எழுந்துபோய் டிவியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

இரண்டாவது படத்திலும் கோடு. ஐம்பதாவதிலும் கோடு. ஃபாதர், பீடம், பூச்சாடி எல்லாம் வரிக்குதிரை. வெள்ளை கவுனில் ஜெனி ஜெயிலிலிருந்து நேராக நன்மை வாங்க வந்தவள் மாதிரி இருந்தாள். முக்கியமான அந்த நிமிடத்தில் எடுத்த எட்டுப் படங்களிலும் ஒரு கறுப்புப் பட்டை, அளவெடுத்த மாதிரி, அவள் முகத்தின் மேலேயே விழுந்திருந்தது.

மஞ்சுவுக்குப் போன் போட்டேன். “சர்ச்சுல புதுசா எல்.இ.டி. லைட் ஹாக்கியிருக்காங்க சார். அது கண்ணுக்குத் தெரியாம மினுக்கிட்டே இருக்கும். சைலண்ட்ல எடுத்தா கோடு வரும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்,” என்றார். ஜெனியை ஒரு படம்கூட எடுக்கவில்லையா என்று கேட்டேன். “நீங்கதானே பேடா அந்த்ரி சார்.” வேண்டாம் என்றவன் நான்தான்.

அடுத்து ஃபாதருக்குப் போன் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் மறுபடியும் அதேபோல நின்று காட்டமுடியுமா என்று கேட்டேன். “தம்பி, அது முதல் நன்மை. ரெண்டாவது நன்மையை வேணும்னா அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோ,” என்றார்.

ஜக்கின்மேல் சாய்ந்திருந்த அக்கா, “பரவாயில்லடா சேவி. நீ சாப்பிடு,” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வாழ்க்கையில் கேட்ட ஒரே ஒரு படம். எனக்கு அந்த மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

அப்போது ஜெனி புலாவ் தட்டோடு வந்து, “பிலோம்மா எடுத்தாங்களே,” என்றாள்.

சித்தி மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்திலும் டிவி ரிமோட்டிலும் இருந்து தலா ஒரு பேட்டரியைக் கழற்றி அத்தான் கொடுத்தார். கேமராவிலிருந்து டிவிக்கு வயர் கிடையாது. அதன் பின்பக்கத் திரை பிஸ்கட் அளவுதான். சித்தி அதை அப்படியே அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அக்கா பார்ப்பதற்கு முன் நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

படம் கோணல். மூலையில் இருந்த தேதி, ஜெனி பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தையது. வலது பக்கம் ஃபாதரின் கை. இடது பக்கம், படத்தில் சரிபாதியை அடைத்துக்கொண்டு, க்ரீம் நிற பேண்டில், சட்டை மேலேறிப்போய்க் குனிந்து நிற்கும் என் பின்பக்கம். இரண்டுக்கும் நடுவே ஜெனி. நாக்கு வெளியே. கண் இரண்டும் சிவப்பு. ஆனால் ஒரு கோடு கிடையாது. அந்தச் சிவந்த கண்கள் ஃபாதரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“நேச்சுரலா இருன்னு சொன்னேன்ல?” என்றேன், பழக்கதோஷத்தில்.

“பிலோம்மாதான் சொன்னாங்க. இது அம்மா கேமரா, இதைப் பார்த்தா அம்மா உன்னைப் பார்ப்பாங்கன்னு,” என்றாள் ஜெனி.

அக்கா முகத்தைத் திரைக்கு ரொம்பக் கிட்டே கொண்டுவந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்குவது போனில் தெரிந்தது. “என்னையே பார்க்கறா சித்தி,” என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பக்கத்துல அது என்ன, சோபாவா?” என்று கேட்டாள்.

“சேவி,” என்றார் சித்தி.

இருபது பேரும் சிரித்த சிரிப்பில் அப்பளம் குவித்து வைத்திருந்த தட்டு விழுந்தது. நானும் சிரித்தேன், அழுதேன் என்றும் சொல்லலாம். அந்தச் சமயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு சில வருடங்களில் அக்கா ஊரோடு வந்துவிட்டாள். ஜெனி இப்போது பி.யு.சி. (தமிழ்நாட்டில் பிளஸ் டூ) படிக்கிறாள். அவள் வகுப்பில் எல்லோருக்கும் இப்போது பழைய டப்பா கேமராக்கள்மேல் பைத்தியம் பிடித்திருக்கிறதாம். அந்தக் கோணலும் சிவந்த கண்ணும்தான் ஃபேஷனாம். அக்காவின் கேமராவை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். ரப்பர் பேண்டு மட்டும் புதுசு. என் மிரர்லெஸ்ஸின் பதினேழு பட்டன்களையும் நான் பிறகு கற்றுக்கொண்டேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டபோது, என்னை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று மஞ்சு சொல்லியிருக்கிறார். இலவசமாகவே செய்து தருவதாகக்கூடச் சொன்னாராம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “இருக்கட்டும். அவனும் எனக்காகத்தானே குனிஞ்சான்,” என்றிருக்கிறாள்.

அதனால் விஜயநகர் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளியும் முதலில் என் பின்பக்கத்தைத்தான் சந்திக்கிறார். யார் இது என்று கேட்கிறார். சித்தி அப்போது அங்கே இருந்தால், காபி டம்ளரை நீட்டியபடியே, அதே ஆஸ்பத்திரிக் குரலில் பதில் சொல்வார்.

“எங்க சேவி. அன்னைக்கு அவன் அங்க இருந்ததே யாருக்கும் தெரியாது.”